'அசல் பூர்வகுடி ஓவியம்' என்று நம்பி 780 டாலர் கொடுத்தேன்: சிட்னியில் படம் வாங்குபவர்கள் கவனிக்க

சிட்னிக்குச் சுற்றிப் பார்க்க வருபவர்கள், இங்கேயே புதுவீடு வாங்கி வரவேற்பறைக்குப் படம் தேடுபவர்கள், இருவருக்காகவும் எழுதுகிறேன்.

போன வருடம் புதுவீட்டுக்குக் குடிபோனபோது, "நாம வந்து குடியேறின மண்ணு இது, இந்த மண்ணுக்காரங்க வரைஞ்ச படம் ஒண்ணு வீட்டில இருக்கணும்" என்று மனைவி சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் ஒரு கடைக்குப் போனோம். மீட்டர் அகலத்தில் ஒரு கேன்வாஸ். செங்காவி நிறப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டமாக நான்கு இடங்கள், அவற்றைச் சுற்றி லாட வடிவக் கோடுகள். வட்டம் என்றால் நீர்நிலை, லாட வடிவம் என்றால் உட்கார்ந்திருக்கும் பெண்கள், மொத்தத்தில் இது மழையின் கதை என்று விற்பனையாளர் விளக்கினார். பொன்னிற முத்திரை குத்திய சான்றிதழும் கொடுத்தார். ஓவியர் பெயர் 'நங்காலா' என்று அதில் இருந்தது. ஓவியரை ஆண் என்று குறிப்பிட்டு, பாலைவனத்தில் தன் தாத்தாவிடம் வரையக் கற்றவர் என்று இரண்டு வரி. 780 டாலர் கொடுத்து வாங்கி வந்து மாட்டினோம்.

ஏழு மாதம் கழித்து, நாட்டின் நடுவே பாலைவனப் பகுதியில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போயிருந்தோம். பூர்வகுடி ஓவியர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஒரு கலை மையத்தின் விற்பனைக் கூடத்துக்குள் நுழைந்தோம். எங்கள் வீட்டுப் படத்தையும் சான்றிதழையும் போனில் ஆசையாகக் காட்டினேன். அங்கிருந்த அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். கேன்வாஸின் பின்பக்கம் என்ன எண் எழுதியிருக்கிறது? எந்த மையத்தில் வரைந்தது? எந்த இடத்து மழை? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அந்தப் பெயருக்கு வந்தார். நங்காலா என்பது ஒருவரை அடையாளம் காட்டும் பெயரே அல்ல. நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான வார்ல்பிரி மக்களிடம் ஸ்கின் நேம் என்று ஒன்று உண்டு. தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லும் பெயர் அது. பெண்களுக்கு எட்டு, ஆண்களுக்கு எட்டு. பெண்களுடையவை 'ந'வில் தொடங்கும், ஆண்களுடையவை 'ஜ'வில் தொடங்கும். நங்காலாவின் சகோதரன் ஜங்காலா. ஆக, என் சான்றிதழில் இருந்த 'நங்காலா என்ற ஆண்' இருக்கவே முடியாத ஆள். மழைக் கதை நங்காலா, ஜங்காலா பிரிவினருக்கு உரியதுதான் என்றும் அவர் சொன்னார். யாரோ உண்மையான படம் ஒன்றின் குறிப்பைப் பார்த்து அரைகுறையாக எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது இந்த இடம்தான். ஜுகுர்பா என்று வார்ல்பிரி மக்கள் சொல்லும் முன்னோரின் படைப்புக் கதைகள் பொதுச்சொத்து அல்ல. ஒரு மழைக் கதை என்றால் யுவெண்டுமு என்ற வார்ல்பிரி ஊருக்கு மேற்கே உள்ள புயுர்ரு போல ஒரு குறிப்பிட்ட இடத்தோடு கட்டப்பட்டது. அதை வரைய யாருக்கு உரிமை, அது சரியாக வரையப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதெல்லாம் உறவுமுறை வழியாக வருவது. அப்படி உரிமையோ அனுமதியோ இல்லாதவர் அக்கதையைத் தொடக்கூடாது. அப்படிப்பட்ட ஒன்றை யாரோ திருடி, அச்சடித்ததுபோல வரைய, அதை நான் காசு கொடுத்து வாங்கி ஏழு மாதம் வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தக் கலை மையங்கள் ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்று எங்கே நடக்கிறது என்பது தானே புரியும். 1971இல், அதே பாலைவனப் பகுதியில் உள்ள பப்புன்யா என்ற பூர்வகுடி ஊரின் பள்ளிச் சுவரில் அங்குள்ள பெரியவர்கள் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டன் அவர்களுக்கு ஊக்கம் கொடுத்தார். அடுத்த வருடமே ஓவியர்கள் தங்களுக்குச் சொந்தமாக பப்புன்யா டூலா என்ற நிறுவனத்தை வைத்துக்கொண்டார்கள். யுவெண்டுமுவில் 1985இல் வார்லுகுர்லாங்கு மையம் வந்தது. மையம் கேன்வாஸும் வண்ணமும் கொடுக்கும். வரைந்து முடித்ததும் படம் எடுத்து, எண் போட்டு, கதையை எழுதிவைத்து, விற்று, ஓவியருக்குப் பணம் கொடுக்கும். மிச்சத்தில் மையம் நடக்கும். பெயர் பரவிய பிறகு இடைத்தரகர்கள் வந்தார்கள். வயதான ஓவியர்களைத் தனியே அழைத்துப்போய்க் கொஞ்சம் ரொக்கமோ பழைய காரோ கொடுத்து வரையவைப்பது பற்றிய புகார்களை 2007இல் ஆஸ்திரேலிய செனட் விசாரணையே கேட்டது. ஓவியர் படத்தைப் பிடித்தபடி நிற்கும் போட்டோ இருந்தாலும், அவருக்கு நியாயமான பணம் போனதற்கு அது சாட்சி ஆகாது.

முழுப் போலி இன்னொரு வகை. பிருபி என்ற மொத்த விற்பனை நிறுவனம் இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பூர்வகுடிக் கலை என்று விற்றதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, மறுவருடம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் அந்த நிறுவனம் திவாலாகியிருந்தது.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். முதலாளி என் ரசீதையே எடுத்து நீட்டினார். அதில் 'பூர்வகுடிப் பாணி அலங்காரப் படம்' என்று இருந்தது. வாய்க்கு வாய் அசல் என்று சொன்னவர் பில்லில் பாணி என்று எழுதியிருக்கிறார், நான் படிக்கவில்லை. 200 டாலருக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டு, நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ரசீதில் ஓவியரின் முழுப்பெயரும் மையத்தின் பெயரும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். கேன்வாஸைத் திருப்பிப் பார்த்து, பின்னால் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மையத்துக்கே அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் தங்கள் பதிவேட்டில் பார்ப்பார்கள். பூர்வகுடிக் கலை வணிகத்துக்கு 2010 முதல் ஒரு நன்னடத்தை விதி இருக்கிறது. கடை அதில் கையெழுத்திட்டதா என்றும் கேளுங்கள். பாலைவனத்துப் புள்ளிகளும் வடக்கே ஆர்னம் லேண்டுக்கு உரிய நுண்கோட்டுப் பின்னலும் ஒரே படத்தில் கலந்திருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அந்த மையத்திலேயே ஒரு சிறிய படம் வாங்கினோம். முப்பது சென்டிமீட்டர் சதுரம், நான் முதலில் கொடுத்ததில் பாதி விலைகூட இல்லை. வரைந்தவரின் முழுப்பெயர், ஊர், எண், கதை எல்லாம் அதோடு வந்தது.

போன வாரம் அந்தத் துறைமுகக் கடை வழியாகப் போனேன். எங்கள் பழைய படம் போலவே ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. அதே நான்கு வட்டங்கள், அதே பெயர், விலை மட்டும் 850.