கீழ்வேளூர் பக்கத்துக் கட்டில் கொட்டகை

சென்ற தை மாதம் என் மாமியார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலும் வாக்கரும் ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னார்கள். எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு நேராகப் போனேன். கதவைத் திறக்கும்போதுதான் கை தயங்கியது. அமைப்பாளர் அம்மா கார்த்திகையில் காலமாகிவிட்டார். அவர் இல்லாத கொட்டகைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், கழிப்பறை நாற்காலி, காற்றுப் படுக்கை, தண்ணீர்ப் படுக்கை என்று நோயாளிக்கு வேண்டிய சாமான்களை இங்கே இலவசமாகத் தருகிறார்கள். முன்பணம் கிடையாது. ஒரு நீள நோட்டில் பெயர், தெரு, தொலைபேசி எண் எழுதிக்கொள்வார்கள். திருப்பித் தரும்போது கழுவிக் காயவைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி தொடங்கியது. அதனால் ஊர் முழுக்க அவருக்கு அமைப்பாளர் அம்மா என்றே பெயர்.

எனக்கு அவர் பழக்கமானது 2018-இல். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் செயலிழந்துவிட்டது. முதலில் ஒரு வாடகைக் கடையில்தான் கட்டில் எடுத்தேன். கைப்பிடி துருப்பிடித்துச் சுழலவில்லை. மெத்தையின் உறை கிழிந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தக் கிழிசலையே காட்டி என் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலை அமைப்பாளர் அம்மா குட்டியானை வண்டியில் கட்டிலோடு தாமே வந்து இறங்கினார்.

கட்டிலை இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு அப்பாவின் அருகில் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிப் பார்த்தார். வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றது. "தம்பி, இதுதான் படுக்கைப் புண்ணுக்கு ஆரம்பம். இனிமேல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள்" என்றார். பிறகு போர்வை ஒன்றை இரண்டாக மடித்து அப்பாவின் அடியில் விட்டு, அதன் ஓரங்களைச் சுருட்டிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "இழுக்காதீர்கள், தூக்குங்கள். இழுத்தால் தோல் உரிந்துவிடும்" என்றார். தலைப்பக்கம் அவர் நின்றார், கால்பக்கம் நான். அப்பாவின் உடம்பு நான் பயந்ததைப் போல் கனக்கவில்லை.

நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. தென்னைகள் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரில் ஓடும் காற்றுப் படுக்கை சப்பையாகிவிட்டது. மூன்றாம் நாள் சேறும் முறிந்த கிளையுமாகக் கிடந்த தெருவில் அவர் நடந்தே வந்தார். தோளில் மடித்த தண்ணீர்ப் படுக்கை, உடன் இரண்டு பையன்கள். அவருடைய கொட்டகையின் தகரமே பறந்து போயிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்ணீர்ப் படுக்கையைக் கட்டில் மேல் விரித்த பிறகே நிரப்ப வேண்டும். நிரம்பிவிட்டால் நகர்த்த முடியாது. பாதியளவு நிரப்பி, ஆளைப் படுக்க வைத்து, அடியில் கையை விட்டுப் பார்த்தார். உடம்பு பலகையில் முட்டவும் கூடாது, படுக்கை கல்லாக விறைக்கவும் கூடாது. நான்கு குடம் ஊற்றுவதும் ஒரு குடம் இறைப்பதுமாகப் பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தார்.

அவர் பௌத்தர். கொட்டகைச் சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் அருகருகே இருக்கும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார் அல்லவா, ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கட்டில்களுக்கெல்லாம் புதிதாக வண்ணம் அடிப்பது அம்மாவின் வழக்கம். வைகாசிப் பௌர்ணமிக்குத் தெருவுக்கே பாற்சோறு கொடுப்பார். பக்கத்து ஆனைமங்கலத்தை ராஜராஜ சோழன் நாகையில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்குக் கொடுத்த கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான். "இது நமக்கு வெளியிலிருந்து வந்த சமயம் இல்லை, தம்பி" என்பார்.

ஏன் இப்படி வீடு வீடாக அலைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பற்றிச் சொன்னார். உடன் இருந்த பிக்குகள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவிவிட்டார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னதாக அந்தக் கதை முடிகிறது. ஒரு காலத்தில் அம்மாவைத் திண்ணையோடு நிறுத்திய வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. அந்த வீடுகளின் உள்ளறை வரைக்கும் அவர் கட்டிலோடு போயிருக்கிறார். அதைப் பற்றி அவர் வாயால் ஒரு சொல் நான் கேட்டதில்லை. எனக்குத்தான் இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இப்போது கொட்டகையை நடத்துவது புயலன்று உடன் வந்த அந்தப் பையன்களில் ஒருவர். சாமான்கள் சுத்தமாக இருக்கின்றன. குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள், மற்ற நேரத்தில் தொலைபேசியை எடுப்பதில்லை. குள்ளமானவர்களுக்கு ஏற்ற வாக்கர் இரண்டே இரண்டுதான் இருப்பதால் நாங்கள் எட்டு நாள் காத்திருந்தோம். எங்களுக்கு வந்த கட்டிலில் ஒரு சக்கரத்தின் பூட்டு பிடிக்கவில்லை. செங்கல்லை அண்டை கொடுத்துச் சமாளித்தோம்.

ஆனால் கட்டிலை இறக்கியதும் அந்தப் பையன் திரும்பிப் போகவில்லை. கை கழுவிவிட்டு உள்ளே வந்து, போர்வையை இரண்டாக மடித்து, "அக்கா, நீங்கள் கால்பக்கம் வாருங்கள். இழுக்காதீர்கள், தூக்குங்கள்" என்று என் மனைவியிடம் சொன்னார். நான் கொல்லைப்புறம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாமியார் இப்போது வாக்கர் இல்லாமலே வாசல் வரை நடக்கிறார். கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம், சக்கரத்துக்குப் புதுப் பூட்டும் வாங்கிவிட்டேன். இந்த அக்டோபர் 14-க்கு வண்ணம் அடிக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய சட்டை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.