கேள்வி நேரத்தைக் கையாளும் பயிற்சி: தஞ்சாவூரில் ஒரு நாள்

நெல் ரகங்கள் குறித்து டெல்டா கிராமங்களில் விவசாயிகளிடம் விளக்கிப் பேசுவது என் வேலை. பேச்சு எனக்குச் சிக்கலாக இருந்ததில்லை, பேச்சு முடிந்து "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்ட பிறகு வரும் அரை மணி நேரம்தான் சிக்கல். ஆகவே, உரைக்குப் பின் வரும் கேள்விகளைக் கையாள்வதற்கென்றே தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய ஒரு நாள் பயிற்சியில் சேர்ந்தேன்.

காலை அமர்வு கொடுத்த பணத்துக்குத் தகுந்ததாகவே இருந்தது. கேள்வி வந்ததும் விடையை நோக்கிப் பாயாமல், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்றுநர் சலிக்காமல் ஒவ்வொருவரையும் செய்ய வைத்தார். கேட்டவர் சொல்ல வந்தது அதுதானா என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. நமக்கும் யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கின்றன. விடையைக் கேட்டவரிடம் தொடங்கி அவையின் மற்றப் பக்கங்களைப் பார்த்து முடித்தால், அவர் உடனே அடுத்த கேள்விக்குத் தாவுவது குறைகிறது என்பதையும் அங்கேதான் கவனித்தேன். கேள்வி நேரத்துக்குப் பின் சொல்வதற்கென்று இரண்டு வாக்கியங்களை ஒதுக்கி வைக்கச் சொன்னதும் நல்ல யோசனை. இல்லாவிட்டால் கடைசியாக எழுந்தவரின் கோபமே கூட்டத்தின் முடிவுரையாகிவிடும்.

மதியத்துக்குப் பிறகுதான் குறை வெளிப்பட்டது. நடிப்புப் பயிற்சிக்குத் தரப்பட்ட கேள்விகள் எல்லாம் குளிரூட்டிய அறையில் பத்துப் பேர் அமர்ந்து மென்பொருள் விலை கேட்பதைப் போன்றவை. எங்கள் ஊர்க் கேள்வி அப்படி வராது; முறையீடாகத் தொடங்கி, கிளை வாய்க்கால் தூர்வாராதது, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைக் காட்டி மூட்டையைத் திருப்பியது என்று சுற்றி, எங்கோ நடுவில் ஒரு கேள்வியை வைத்திருக்கும். (பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கிவிட்டால், விதையைப் பற்றிப் பேச வந்தவனிடமும் மேட்டூர் திறக்குமா என்றுதான் கேட்பார்கள்.) உடன் வந்திருந்த ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் கடைமடை விவசாயியாக எழுந்து, "மடைக்கே தண்ணி வரல, நீங்க ரகத்தப் பத்திப் பேசுறீங்களே தம்பி" என்றபோது, பயிற்றுநரிடம் அதற்கு மறுமொழி இல்லை, "நல்ல கேள்வி" என்று சொல்லி நகர்ந்தார். அந்த முறையீட்டுக்குள் இருந்த கேள்வி, தண்ணீர் தாமதமானால் நீண்டகால ரகத்தை விட்டுவிட்டு மத்தியகால ரகத்துக்குப் போகலாமா என்பது. காலையில் அவரே கற்பித்த முறைப்படி அதைப் பிரித்தெடுத்துத் திருப்பிச் சொல்லியிருந்தாலே போதும், அவை அமைதியாகியிருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பகுதிக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள். அதற்கு ஒரு மணி நேரம் தந்திருக்க வேண்டும். "சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் எத்தனை நாள் வெள்ளம் தாங்கும்?" என்று கேட்டால், வளர்ச்சிப் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் என்று சொல்லலாம், பூத்த பயிர் மூழ்கினால் அந்தக் கணக்குச் செல்லாது. அதற்கு மேல் ஒருவர் தன் வயலை வைத்துக் கேட்டால், ஊகித்துச் சொல்லாமல் அவர் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துத் திரும்பச் சொல்வதுதான் முறை. இந்த அளவுக்கு நுணுக்கமாக யாரும் சொல்லித் தரவில்லை.

அச்சடித்துத் தந்த கையேடு மெலிவு, சாப்பாடு நன்று. அலுவலகக் கூட்டங்களிலும் கல்லூரிக் கருத்தரங்கிலும் பேசுபவர்கள் தயங்காமல் சேரலாம். ஊர்க் கூட்டங்களில் பேசுபவர்கள், தாங்கள் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட நான்கைந்து கேள்விகளை எழுதி எடுத்துச் சென்று, பிற்பகலில் அவற்றையே வைத்துப் பயிற்சி தரச் சொல்லி வற்புறுத்துவது நல்லது.

பத்து நாள் கழித்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஒலிவாங்கியைக் கைவிடாமல், "இன்னும் இரண்டு கேள்விகள்தான்" என்று அறிவித்துப் பார்த்தேன். ஐந்து வந்தன. ஆனால் ஐந்தையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் விடை சொன்னேன், ஒதுக்கி வைத்திருந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லி முடிக்க முடிந்தது.