வாசல்ல சீரியல் லைட் போட தனி பாயிண்ட் எடுக்கலாமா, இருக்குறத வச்சு ஓட்டலாமா?

தீபாவளி ஐப்பசில, பெரிய கார்த்திகை அடுத்த மாசம், ரெண்டும் அடைமழைக்குள்ளயே வருது, அதனால நம்ம கும்பகோணம் மாயவரம் பக்கம் வாசல்ல சீரியல் லைட் போடணும்னா லோடு பத்தி கவலையே இல்ல, எல்இடி செட் இழுக்குற கரண்ட் ரொம்ப கம்மி, தண்ணி எங்கேர்ந்து எப்படி உள்ள போகும்ங்கறதுதான் பாக்கணும்.

ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்குறது முக்காவாசி வீட்டு வழக்கம். கதவ சாத்துனா வயர் நசுங்கும், சாத்தலன்னா சாரலும் கொசுவும். பாக்ஸ பாலிதீன் கவர்ல சுத்தி திண்ணைல போட்டுடுவாங்க, தண்ணி கவருக்குள்ள போய் தேங்கி நிக்கும். வேணவே வேணாம்.

சோலார் செட்டுல ஷாக் பயம் இல்ல, ஒயரிங்கும் இல்ல, கரண்ட் போனாலும் எரியும். ஆனா நாலு நாள் மூடாப்பா இருந்தா சார்ஜே ஏறாது, நமக்கு லைட் வேண்டிய மாசமே அந்த மாசம்தான்!

வாசல் பல்ப கழட்டிட்டு ஹோல்டர்ல அடாப்டர் மாட்டி அதுல சீரியல் பின்ன சொருகுறது இருக்கே, அத எலக்ட்ரீஷியனுங்க கேலி பண்ணுவாங்க, ஆனா ஒரு செட்டு ரெண்டு செட்டுக்கு எனக்கு அது தப்பா தெரியல. ஹோல்டர் கூரைக்கு அடியில நனையாம இருக்கு, சுவிட்ச் உள்ள இருக்கு. வாசல்ல வெளிச்சம் போயிடும், அவ்வளவுதான். சாரல் அடிக்கிற ஹோல்டர்னா மட்டும் கை வைக்காதீங்க.

மாடி, காம்பவுண்ட் வரைக்கும் வருஷாவருஷம் போடுறவங்களுக்கு தனி பாயிண்ட்தான் சரி. பிளக் பாயிண்ட்டுக்கு ஐபி 55 பாக்ஸ்னு கேட்டு வாங்குனா போதும்னு நெனைக்காதீங்க, ஐபிங்கறது தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு, அதுல ரெண்டாவது 5 தண்ணி பீச்சி அடிச்சாலும் தாங்கும்னு சொல்றது, ஆனா மூடி மூடியிருந்தாதான். சீரியல் செட்டு வயர்ல தொங்குற அந்த சின்ன கண்ட்ரோல் டப்பாவோட பின்ன சொருகுனா பாதி பாக்ஸுக்கு மூடி சாத்தாது, கடையிலயே செட்ட சொருகி மூடி பாத்து வாங்குங்க. சன்ஷேடுக்கு அடியில, இடுப்பு உயரத்துக்கு மேல வைங்க, பைப் பாக்ஸுக்கு கீழ்ப்பக்கமா ஏறணும், சுவத்துல போடுற ஓட்டை வெளிப்பக்கம் சாய்வா இருக்கணும், சுவிட்ச் வீட்டுக்குள்ள.

எதுவா இருந்தாலும் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச், இருக்கான்னு மொதல்ல பாருங்க. சாதா ட்ரிப்பர் ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், ஆள் மேல பாயுற கொஞ்சூண்டு கரண்ட் அதுக்கு தெரியவே தெரியாது. சீரியல் செட்டெல்லாம் டூ பின், எர்த்தும் கெடையாது. ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன அமுக்குனா டக்குனு விழணும், விழலன்னா அத மாத்துன அப்புறம்தான் லைட் பேச்சு.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம்னா இரும்பு ஸ்க்ரூ வேணாம், உப்புக் காத்துல சீக்கிரமே துரு புடிச்சிடும், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ நீங்களே வாங்கி எலக்ட்ரீஷியன் கையில குடுத்துடுங்க.