தள்ளுபடியில் ரைசன் 7 5700எக்ஸ்3டி: யார் வாங்கலாம்?

2024-இல் வெளிவந்த இந்த ஏஎம்டி பிராசஸர் நல்ல தள்ளுபடியில் கிடைத்தால், ஏஎம்4 (ஏஎம்டி சிப்களுக்கான சாக்கெட் வகை) மதர்போர்டில் ரைசன் 5 3600 போன்ற பழைய சிப்பை வைத்துக்கொண்டு கேம் விளையாடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். போர்டையும் டிடிஆர்4 ரேமையும் மாற்றும் செலவு மிச்சம். இதன் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான், அதில் வியக்க ஒன்றுமில்லை. பலமெல்லாம் சிப்புக்குள்ளேயே இருக்கும் 96 எம்பி எல்3 கேஷ் என்ற அதிவேக நினைவகத்தில் இருக்கிறது (3600-இல் 32 எம்பி மட்டுமே). கேம் திரும்பத் திரும்பக் கேட்கும் தரவு ரேம் வரை போகாமல் அருகிலேயே கிடைப்பதால், நெரிசலான காட்சிகளில் வரும் திடீர்த் தடுமாற்றம் குறைகிறது. 4கே திரையில் கிராபிக்ஸ் கார்டே திணறுகிறது என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. வீடியோ ரெண்டரிங்தான் முதன்மை வேலை என்பவர்களுக்கு, அதே எட்டு கோர்களுடன் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் 5700எக்ஸே பொருத்தமானது. பெட்டியில் கூலர் வராது என்பதால் அதன் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மதர்போர்டு புதிய சிப்பை அடையாளம் காண, பழைய சிப்பைக் கழற்றும் முன்பே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுவது நல்லது.