பிறந்த ஓடையிலேயே பிடிக்க வேண்டும்: கலிபோர்னியா ஹெரிட்டேஜ் ட்ரவுட் சாலஞ்ச் குறித்து

தூண்டில் பிடிப்போருக்காக அரசு நடத்தும் திட்டங்களில் நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்தது, கலிபோர்னியா மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறை 2003 முதல் நடத்திவரும் ஹெரிட்டேஜ் ட்ரவுட் சாலஞ்ச். குளிர்ந்த நன்னீரில் வாழும் மீனான ட்ரவுட்டில், அந்த மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வகைகளுள் ஏதேனும் ஆறு வகைகளை, அவை மனிதர் கொண்டுபோய் விடாமல் இயல்பாக வாழ்ந்துவந்த நீர்நிலைகளிலேயே பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பிடித்த நாளையும் இடத்தையும் குறித்து அனுப்பினால், அந்த ஆறு மீன்களின் வண்ண ஓவியங்கள் அச்சிட்ட, நம் பெயர் தாங்கிய சான்றிதழ் ஒன்று கிடைக்கும். ஓவியங்கள் ஜோசப் டோமலெரி வரைந்தவை. புள்ளிகளின் அளவும் இடமும்கூட வகைக்கு வகை மாறுவதைத் துல்லியமாகக் காட்டுபவை. 16 வயது நிறைந்தவர்களுக்கு மாநில மீன்பிடி உரிமம் கட்டாயம். ஆறையும் பிடித்து முடிப்பதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை.

இந்தத் திட்டத்தின் உயிர், 'சொந்த நீர்நிலையில் பிடித்தால்தான் கணக்கு' என்ற அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. மாநில மீனாக 1947இல் அறிவிக்கப்பட்ட கலிபோர்னியா கோல்டன் ட்ரவுட்டையே எடுத்துக்கொள்வோம். சியர்ரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியில், கெர்ன் ஆற்றின் தென்கிளையும் கோல்டன் ட்ரவுட் ஓடையுமே அதன் தாயகம். 1876இல் மர அறுவை ஆலை நடத்திய ஸ்டீவன்ஸ் என்பவர் கெர்ன் தென்கிளையில் சேரும் மல்க்கி ஓடையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீன்களைக் காப்பிக் கெண்டி ஒன்றில் எடுத்துச் சென்று, மலைமுகட்டுக்கு மறுபுறம் ஓடும் காட்டன்வுட் ஓடையில் விட்டதாக வரலாறு சொல்கிறது. 1891இல் அவற்றின் வழிவந்த மீன்கள் காட்டன்வுட் ஏரிகளுக்குப் போயின. பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஏரிகளிலிருந்து முட்டை சேகரித்துத்தான் உயர்மலை ஏரிகள் பலவற்றில் கோல்டன் ட்ரவுட் பெருக்கப்பட்டது. ஆனால் அந்த ஏரி மீன்களில் ரெயின்போ ட்ரவுட்டின் கலப்பு ஏறியிருப்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின. ஆகவே காட்டன்வுட் ஏரியில் பிடிபடும் பொன்னிற மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாலஞ்சில் சேராது. முகட்டைத் தாண்டி மல்க்கி ஓடைக்கு நடந்தால்தான் சேரும். அந்த நடையின் காரணத்தைத் தேடிப் படிக்கும்போதே ஒரு மலைத்தொடரின் நீர்வழி முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

நடை கடினமானது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லோன் பைன் ஊரிலிருந்து ஏறும் மலைச்சாலை ஹார்ஸ்ஷூ மெடோஸில் முடிகிறது; அந்த இடமே ஏறத்தாழ 10,000 அடி உயரம். அங்கிருந்து டிரெயில் கணவாய் வழியாக மல்க்கி புல்வெளிக்கு இறங்கலாம். அல்லது 11,000 அடிக்கு மேலுள்ள காட்டன்வுட் கணவாயைத் தாண்டிக் கோல்டன் ட்ரவுட் ஓடையின் தலைப்பகுதிக்குச் செல்லலாம். சான் ஹோசே போன்ற கடல்மட்ட ஊரிலிருந்து காரில் வந்து இறங்கியவுடனே நடக்கத் தொடங்கினால் தலைவலி வர வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் இரவை மேலேயே தங்கிக் கழிப்பது நல்லது. இரவு காட்டுக்குள் தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சூலை மாதத்தில் கொசு மிகுதி. ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் இனிமையானவை.

ஓடையோ பல இடங்களில் ஒரே எட்டில் தாண்டக்கூடியது. கரையில் நிமிர்ந்து நின்றால் நிழல் விழுந்து மீன்கள் அனைத்தும் வளைவுக்கடியில் ஒளிந்துகொள்ளும். முழங்காலிட்டு, புல்லின் மேல் நூல் கிடக்க, செயற்கை ஈ (கொக்கியில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி போலச் செய்தது) மட்டும் நீரைத் தொடுமாறு வைப்பதே இங்கு முறை. அதற்கு ரீல் இல்லாத ஜப்பானியத் தென்காரா கோல் மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. பத்து அல்லது பன்னிரண்டு அடி நீளமுள்ள, மடக்கினால் பைக்குள் அடங்கிவிடும் கோலும், கோல் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த நூலும், பதினான்காம் பதினாறாம் அளவில் மிதக்கும் ஈக்கள் சிலவும் போதும். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். மீன் பெரிதாக இராது. பெரும்பாலும் உள்ளங்கை நீளம், மிஞ்சினால் எட்டு அங்குலம். ஆனால் பொன்மஞ்சள் உடல், விலாவில் ஓடும் செந்நிறப் பட்டை, குங்குமம் அப்பியதுபோன்ற வயிறு, வளர்ந்த பின்னும் மறையாத பத்தளவு கருநீலத் திட்டுகள், வெள்ளை நுனி கொண்ட துடுப்புகள் ஆகியவற்றை ஈரக் கையில் ஒருமுறை பார்த்தவர் அதன் நீளத்தை அளக்க நினைக்க மாட்டார்.

மற்ற வகைகள் மாநிலத்தின் மூலைகளுக்கெல்லாம் நம்மை இழுத்துச் செல்கின்றன. லிட்டில் கெர்ன் கோல்டன் ட்ரவுட்டுக்கு அதே மலைத்தொடரின் மேற்குப் பக்கம். கூஸ் ஏரி, வார்னர் ஏரிகள் ஆகியவற்றின் ரெட்பேண்ட் ட்ரவுட்டுகளுக்கு வடகிழக்கு மூலையில் வறண்ட மோடாக் மாவட்டம். கட்த்ரோட் என்ற மற்றொரு ட்ரவுட் இனத்தின் கடலோர வகைக்கு, வானுயர்ந்த ரெட்வுட் மரக்காடுகளின் ஓடைகள். மாநிலத்தின் வடபகுதியில் ஓடும் மெக்லவுட் ஆற்றுப் பக்கம் செல்வோர் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஆற்றில் இயங்கிய அரசு மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து சென்ற முட்டைகள் உலகின் பல பகுதிகளில் ரெயின்போ ட்ரவுட் பரவக் காரணமாயின. நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு, அந்த மீன் அங்கே வெள்ளையர் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்ட அயல்வரவு என்பது தெரிந்திருக்கும். அதன் பூர்வீக நிலத்தில் நின்று பார்ப்பது வேறு அனுபவம்.

குறைகளும் இருக்கின்றன. ஈகிள் ஏரி ரெயின்போ ட்ரவுட்டும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது முட்டையிட ஏறிச்செல்லும் பைன் ஓடை சீர்கெட்டதால் 1950கள் முதல் அந்த இனம் பண்ணையில் பொரித்து ஏரியில் விடப்பட்டே காக்கப்படுகிறது. காட்டு மீனைத் தேடிச் செல்லும் ஒரு திட்டத்தில், படகில் அமர்ந்து பண்ணை மீன் பிடிப்பதும் மல்க்கி ஓடைக்கு மலையேறுவதும் ஒரே மதிப்பெண் பெறுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது, படம் கட்டாயம் என்பது. நல்ல படத்துக்காக மீனை நீண்ட நேரம் காற்றில் தூக்கிப் பிடிக்கும் பழக்கத்துக்கு அது இடமளிக்கிறது. தனியாகச் செல்பவர் ஈர வலைக்குள் மீனை நீரிலேயே வைத்து மேலிருந்து படமெடுப்பது நல்லது. வகையை அடையாளம் காண அது போதுமானது. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். ஒரு சிறு வெப்பமானியைப் பையில் வைத்துக்கொள்வதை இந்த மீன்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்சக் கடமையாகவே கருதுகிறேன்.

ஏனெனில் இவை உண்மையிலேயே அரியவை. லிட்டில் கெர்ன் கோல்டன் 1978 முதலும், லஹோன்டான் கட்த்ரோட் 1975 முதலும் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களாகக் காக்கப்படுகின்றன. கெர்ன் தென்கிளையில் அயல்வரவான பிரவுன் ட்ரவுட்டும் கலப்பு மீன்களும் மேலேறி வராமல் தடுக்கத் தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. மாடுகள் மிதித்துச் சரிந்த கரைகள் தேற 2001இல் இரண்டு பெரிய மேய்ச்சல் பகுதிகளுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. நீடித்த வறட்சியால் வால்கனோ ஓடை வற்றியபோது, 2016இல் அங்கிருந்த கோல்டன் ட்ரவுட்டுகளைப் பிடித்துப் பண்ணைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது.

குழந்தைகளோடு தொடங்க விரும்புவோர் கடலோர ரெயின்போ ட்ரவுட்டில் தொடங்கலாம். அதற்கு மலையேற வேண்டியதில்லை. கோல்டன் ட்ரவுட்டை முதல் கோடையிலேயே முயல வேண்டாம். உயரத்துக்கு உடல் பழகிய பின், ஓடை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு, மூன்று நாளாவது ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள்.