டெஸ்க்டாப்பா, ராஸ்பெர்ரி பையா, டேப்லட்டா? நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கு எது தோது?

பள்ளிக்கு எத்தனை கணினி வந்தது என்பதைவிட, ஒரு பிள்ளையின் கை எத்தனை நிமிடம் கீபோர்டில் இருந்தது என்பதுதான் கணக்கு. 40 பேர், 10 கணினி, 40 நிமிடப் பீரியட் என்றால் ஆளுக்கு 10 நிமிடம். அதுவும் பங்கிட்டுக் கொடுத்தால்தான். இல்லையென்றால் வீட்டில் லேப்டாப் உள்ள பையன் மவுஸை விடமாட்டான். பின்னால் நிற்கும் பெண்பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள்.

பழைய டெஸ்க்டாப்பின் பெரிய பலம், ரிப்பேருக்கு ஆள் கிடைப்பது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் பதினொன்றாம் வகுப்பு சி++, பன்னிரண்டாம் வகுப்பு பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் இரண்டுக்கும் தாராளம். ஆனால் திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணல் ஃபேனை அடைக்கும். சூடேறி மெஷின் தானே அணையும். உவரி மாதிரிக் கடற்கரையில் உப்புக்காற்று ரேம் முனையில் படியும். பீப் சத்தம் மட்டும் வரும், திரை வராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, முனையை ரப்பரால் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? முதலில் தேதியைப் பாருங்கள். அது தப்பாக இருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும்.

உள்ளங்கை அளவுச் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை ஜெயிப்பது கரண்டில். மானிட்டரோடு சேர்த்து டெஸ்க்டாப் சுமார் 100 வாட், பை சுமார் 25 வாட். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியைப் பாதி வரை இறக்கினால், இன்வெர்ட்டர் இழப்பு போக 700 வாட்-மணி கையில் நிற்கும். பத்து பை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்; பத்து டெஸ்க்டாப்புக்கு ஒரு பீரியட்கூட உறுதியில்லை. ஆடிக்காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் பணகுடிப் பக்கம் இந்த வித்தியாசம் பெரிது.

சிக்கல், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பையில் இருக்கும் மெமரி கார்டில். ஷட்டவுன் செய்யாமல் சுவிட்சை அணைத்தால் கார்டு கெடும். ஓவர்லே வசதியைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது; அதேசமயம் பிள்ளைகளின் வேலையும் தங்காது, பென்டிரைவில் சேமிக்கப் பழக்க வேண்டும். செல்போன் சார்ஜரை மாட்டாதீர்கள்: பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். திரையில் மின்னல் குறி வந்தால் மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். பை 4-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ இணைப்பு, பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கும் என்பதால் கன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.

டேப்லட் பாடம் பார்க்க உதவும், நிரல் எழுத உதவாது. திரைக் கீபோர்டில் பைத்தானின் உள்தள்ளலை (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) சரியாகக் கொடுப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும்.

ஆறு முதல் எட்டு வரை பை, மேல்நிலைக்கு டெஸ்க்டாப் என்பது எங்கள் முடிவு. எதுவானாலும் 20 பேரை இரண்டிரண்டாக உட்கார வையுங்கள். மீதி 20 பேர் 16, 8, 4, 2, 1 என்று புள்ளியிட்ட அட்டைகளை வைத்து, 0, 1 மட்டுமே கொண்ட இருமஎண் பழகட்டும். 20 நிமிடத்தில் குழுவை மாற்றுங்கள், ஜோடிக்குள் 10 நிமிடத்தில் கை மாறட்டும். கை படும் நேரம் அதே 10 நிமிடம்தான். ஆனால் பின்னால் நிற்பவர் யாருமில்லை.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே தமிழ்99 கீபோர்டு முறையைச் சொல்லிக்கொடுங்கள். பைத்தான் 3-இல் ‘மதிப்பெண் = 35’ என்று மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைத்தாலும் ஓடும். கூடுதல் பயிற்சியை மாலையில் வைத்தால் டவுன்பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. மதிய இடைவேளையில் லேபைத் திறந்து வையுங்கள்.