சாக்கடல் குளியல் உப்பு: பொருள் நன்று, செய்முறைக் குறிப்பு வீண்

முழங்கையிலும் கணுக்காலிலும் வறண்டு செதில்விடும் தோலுக்காக, சாக்கடல் (இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் இடையிலுள்ள உப்பேரி) உப்பு என்று விற்கப்படும் ஒரு கிலோ பொட்டலத்தை வாங்கிச் சில வாரங்கள் பயன்படுத்தினேன். உப்பைப் பற்றி எனக்குப் பெரிய குறை ஏதுமில்லை. பொட்டலத்தின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் செய்முறையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரணக் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, அதில் பெரும்பகுதி நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடுதான். சாக்கடலில் உப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு இருப்பதோடு, அதன் சேர்மானமும் வேறு: மக்னீசியம் குளோரைடே முதலிடம் பெறுகிறது. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க மக்னீசியம் துணைசெய்கிறது என்பதால், கடல்நீரின் நன்மையை வீட்டிலேயே பெற விரும்புகிறவர் சமையல் உப்பைக் கரைத்துக் குளிப்பதைவிட இதை வாங்குவதில் பொருள் உண்டு.

ஆனால் எவ்வளவு கரைப்பது? ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒவ்வாமை சார்ந்த வறண்ட தோல் உடையவர்கள் ஒரு முன்கையை 5 விழுக்காடு சாக்கடல் உப்புக் கரைசலிலும் மற்றதைக் குழாய்நீரிலும் 15 நிமிடம் அமிழ்த்தினர். உப்புக் கரைசலில் இருந்த கையில் ஈரம் வெளியேறாமல் காக்கும் தோலின் தடுப்புத்திறனும் ஈரமும் கூடி, சொரசொரப்பும் சிவப்பும் குறைந்தன. 5 விழுக்காடு என்றால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம். பொட்டலமோ குளியல் தொட்டிக்கு 250 கிராம் போதும் என்கிறது. தொட்டியில் 150 லிட்டர் நீர் பிடிக்கும் என்று கொண்டால், கிடைப்பது 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான கரைசல். அதாவது சாதாரணக் கடல்நீரின் உப்பில் இருபதில் ஒரு பங்கு. ஆய்வில் இருந்த அளவை எட்ட ஏழரைக் கிலோ வேண்டும்! இதை விற்பனையாளர் அறியாமல் அச்சிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முழு உடல் குளியலை விட்டுவிட்டு, அகன்ற பாத்திரத்தில் மூன்று லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 150 கிராம் கரைத்து, பாதிக்கப்பட்ட இடத்தை மட்டும் கால்மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு நல்ல நீரில் அலசி, ஈரம் முழுதும் உலருமுன் மாய்ஸ்சரைசர் தடவினேன். இந்தக் கடைசி இரண்டு படிகளும் பொட்டலத்தில் இல்லை. உப்புநீர் தோலிலேயே காய்ந்தால் வறட்சியும் எரிச்சலும் கூடும் என்பதைக் கடலில் குளித்துவிட்டு அப்படியே வெயிலில் நின்றவர் எவரும் அறிவர். கணுக்காலில் செதில் நன்றாகவே அடங்கியது. முழங்கையில் மாற்றம் சொற்பம். இதில் மாய்ஸ்சரைசரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பொட்டலத்தில் உள்ள “சோரியாசிஸைக் குணப்படுத்தும்” என்ற வாசகத்தை விற்பனையாளர் நீக்கிவிடுவது நல்லது; சோரியாசிஸ் என்பது தோல் தடித்துச் செதில்விடும் நீடித்த நோய். சாக்கடற்கரைக்குச் சென்று திரும்பும் நோயாளிகளுக்குத் தணிவு கிடைப்பது உண்மை. ஆனால் அந்தக் கரை கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருப்பதால், தடித்த காற்றடுக்கு தோலைச் சுடும் புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை வடிகட்டிவிட, அவர்களால் நெடுநேரம் வெயிலில் இருக்க முடிகிறது. அந்தச் சிகிச்சையில் பாதி வேலை சூரியனுடையது; அதைப் பொட்டலத்தில் அடைக்க முடியாது. அங்கும் கிடைப்பது தணிவே தவிர நிரந்தரக் குணமன்று.

வறண்ட தோல், லேசான அரிப்பு உடையவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெடித்து நீர்வடியும் எக்ஸிமாவில் (தோல் அழற்சியில்) இக்கரைசல் கடுமையாக எரியும். அத்தகையவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும் தன்மையுடையது. பொட்டலத்திலோ மூடி இல்லை. பிரித்தவுடன் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள்.